தண்டி யாத்திரை, 1930: தலைவர் சிறைக்குப் போன பிறகும் ஓடிய போராட்டம் (நிகழ்வு ஆய்வு)

1930 மே 5, நள்ளிரவு தாண்டி முக்கால் மணி நேரம். சூரத் மாவட்ட மாஜிஸ்திரேட் ஆயுதம் ஏந்திய சுமார் 30 காவலர்களோடு கராடி கிராமத்துக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்த காந்தியை எழுப்பி வாரண்டைப் படித்தார். பல் துலக்க நேரம் கேட்டார் காந்தி, கொடுத்தார்கள். பிறகு எரவாடா சிறை. கைதுக்கு அரசு பயன்படுத்தியது 1827ஆம் ஆண்டின் பம்பாய் 25ஆவது ஒழுங்குவிதி. நூறாண்டுப் பழைய அந்த விதியைத் தேடி எடுத்ததற்குக் காரணம், அதன்படி விசாரணை தேவையில்லை. 1922இல் ஆமதாபாத்தில் நீதிபதி புரூம்ஃபீல்டு முன் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது குற்றவாளிக் கூண்டே காந்திக்கு மேடையாகிவிட்டது. அதே மேடையை இன்னொரு முறை கட்டிக்கொடுக்க அரசு தயாராக இல்லை.

தலைவரைத் தூக்கினால் இயக்கம் தளர்ந்துவிடும் என்பது அரசின் கணக்கு. அந்த ஆண்டு முடிவதற்குள் 60,000க்கும் மேற்பட்டோர் சிறை சென்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் காந்தியை நேரில் பார்த்ததே கிடையாது. இந்த ஆய்வின் கேள்வி இதுதான்: ஒரு மனிதரைச் சுற்றியே எழுந்த போராட்டம் அந்த மனிதர் இல்லாமல் எப்படி ஓடியது? எங்கள் கணிப்பில் அதற்கான விடை, உப்புச் சட்டத்தை மீறத் தண்டிக் கடற்கரைக்கு நடந்த மார்ச், ஏப்ரல் மாதங்களின் ஏற்பாடுகளில் இருக்கிறது. கடற்கரையில் குனிந்து உப்பெடுத்த காட்சியைவிட அதற்கு முன் நடந்த வேலையில்தான் காந்தியின் பங்கு பெரிது.

சட்டத்தைத் தேர்ந்தெடுத்தது

1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் பூரண சுயராஜ்யமே இலக்கு என்று தீர்மானித்தது. 1930 ஜனவரி 26 அன்று ஊர்தோறும் உறுதிமொழி எடுத்தார்கள். பிப்ரவரி நடுவில் சபர்மதியில் கூடிய காரியக் கமிட்டி, சட்டமறுப்பை எப்போது, எப்படித் தொடங்குவது என்ற பொறுப்பைக் காந்தியிடம் விட்டது. அவர் உப்பு என்றதும் மூத்த தலைவர்கள் பலர் திகைத்தார்கள். மோதிலால் நேருவுக்கும் ஜவாஹர்லாலுக்கும் முதலில் அது பிடிபடவில்லை. நிலவரியைக் கையில் எடுக்கலாமே என்பது வல்லபாய் படேலின் எண்ணம். வைஸ்ராய் இர்வினும், உப்புப் போராட்டம் வரும் என்ற எண்ணம் இப்போதைக்குத் தன் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்று லண்டனுக்கு எழுதினார்.

மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால் உப்பின் அனுகூலம் தெரியும். நிலவரி கொடுக்க மறுத்தால் முதலில் நிலம் போகும். அந்தப் பணயத்தை வைக்க நிலம் உள்ளவனால் மட்டுமே முடியும். அந்நியத் துணிப் புறக்கணிப்பில் சட்டமே மீறப்படுவதில்லை. உப்பு வரி நிலமற்ற கூலிக்காரனையும் மாடு வளர்ப்பவனையும் தொட்டது; இந்து, முஸ்லிம் என்ற பேதம் அதில் இல்லை. வரி மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 4 அணா (ஒரு ரூபாய்க்கு 16 அணா). 1923இல் அதை இரட்டிப்பாக்கி, எதிர்ப்பு வந்ததும் மறு ஆண்டே குறைத்திருந்தார்கள். ஆகவே ஆறாத புண்ணாகவே அது இருந்தது. மேலும், கடற்கரையில் தானாகப் படிந்து கிடக்கும் உப்பை அள்ளுவதுகூடக் குற்றம். குற்றம் செய்யக் கருவி வேண்டாம், பணம் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். தண்டனை ஆறு மாதம் வரை சிறை. ஒரு குடும்பம் தாங்கக்கூடிய அளவு அது. சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளைக் காந்தி தம் ‘யங் இந்தியா’ இதழிலேயே அச்சிட்டார். சேருகிறவன் விலை தெரிந்து சேர வேண்டும் என்பது அவர் கருத்து.

காந்தி மார்ச் 2 தேதியிட்டு எழுதிய கடிதத்தை ரெஜினால்ட் ரெய்னால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் வைஸ்ராயிடம் எடுத்துச் சென்றார். அதில் ஒரு கணக்கு இருந்தது: வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், நாளுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியனின் சராசரி வருமானம் நாளுக்கு 2 அணாவுக்கும் குறைவு. வித்தியாசம் 5,000 மடங்குக்கு மேல். வைஸ்ராயின் செயலாளரிடமிருந்து சில வரிகளில் வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. எதிராளிக்குத் தேதியும் திட்டமும் முன்கூட்டியே சொல்லிவிடும் இந்த முறையால் ரகசியம் காக்கும் சுமை இல்லாமல் போயிற்று. ஒற்றனுக்கும் வேலையில்லை.

பாதையும் ஆட்களும்

சபர்மதியிலிருந்து தண்டிக்கு 241 மைல். பாதை கேடா, பரூச், சூரத் மாவட்டங்களின் வழியே போனது. 1918இல் கேடாவிலும், 1923–24இல் போர்சத்திலும், 1928இல் பர்தோலியிலும் வரி மறுப்புப் போராட்டங்கள் நடந்திருந்தன. ஆக, நடுவே அமைந்த பல ஊர்களில் படேலின் ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அரசுக்கும் இது தெரியும். மார்ச் 7 அன்று ராஸ் கிராமத்தில் படேலைக் கைது செய்து மூன்று மாதம் தண்டித்தது. விளைவு தலைகீழாயிற்று: ராஸ் கிராமம் யாத்திரை வருமுன்னரே கொதித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 12 காலை 6.30 மணிக்குக் காந்தியோடு கிளம்பியவர்கள் 78 பேர். எல்லோரும் ஆசிரம ஒழுங்கில் பழகியவர்கள். பாதிக்கும் குறைவானவர்களே குஜராத்தியர். மற்றவர்கள் மகாராஷ்டிரம், கேரளம், பஞ்சாப், வங்காளம், ஆந்திரம், தமிழ்நாடு என்று பல பகுதிகளிலிருந்தும், ஒருவர் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். மிக இளையவருக்கு வயது 16, காந்திக்கு 60. ஆயிரம் பேரோடு போயிருக்கலாம், வரத் தயாராக இருந்தார்கள். ஆனால் ஒரு கிராமம் ஒரு வேளை சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கக்கூடிய கூட்டம் எண்பதுக்குள்தான். தவிர, கல்லெறியாத, கோஷத்தில் நிதானம் இழக்காத ஆட்கள் என்று பெயர் சொல்லி உறுதி கொடுக்கக்கூடிய எண்ணிக்கையும் அதுதான்.

கிராமங்களுக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு போனது. சாப்பாடு மிக எளிமையாக இருக்க வேண்டும். இனிப்பு கூடாது. தலைக்கு நெய் மூன்று தோலாவுக்கு (ஒரு தோலா சுமார் 12 கிராம்) மேல் போகக் கூடாது: கஞ்சியில் ஒன்று, ரொட்டியில் தடவ ஒன்று, காய்கறியில் ஒன்று. வெற்றிலை பாக்கு, தேநீர் வேண்டாம். காந்திக்கு ஆட்டுப்பால் கிடைத்தால் மூன்று வேளையும், கூடவே உலர்திராட்சை அல்லது பேரீச்சை, மூன்று எலுமிச்சை. படுக்கை அவரவர் கொண்டுவருவார்கள். சுத்தமான இடம் இருந்தால் போதும்.

அதே குறிப்பில் ஒரு வினாப்பட்டியலும் இருந்தது. ஊரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி எத்தனை. தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டா. இராட்டை எத்தனை, கதர் மாதம் எவ்வளவு விற்கிறது. தலைக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது, மாட்டுக்கு எவ்வளவு. பசு எத்தனை, எருமை எத்தனை. நிலவரி என்ன விகிதம். மேய்ச்சல் நிலம் எவ்வளவு. குடிப்பழக்கம் உண்டா, கள்ளுக்கடை எத்தனை தூரம். குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்ட ‘அருண் துகடி’ என்ற முன்படை ஒவ்வொரு ஊருக்கும் முதலில் போய் இந்தத் தகவலைத் திரட்டியது. தங்குமிடம், தண்ணீர், கழிப்பிடக் குழிகளைத் தயார் செய்தது. மாலைக் கூட்டத்தில் காந்தி பேசும்போது அந்த ஊரின் உப்புச் செலவையும் அந்த ஊரின் கதர் விற்பனையையும் சொல்லியே பேசினார். தம் ஊர்க் கணக்கைத் தம் முன்னால் கேட்ட ஒரு விவசாயிக்கு அது டெல்லி விவகாரமாகப் பட்டிருக்காது.

நடை

நாளுக்கு 10 முதல் 12 மைல், காலையும் மாலையும் இரண்டு கட்டமாக. திங்கட்கிழமை காந்திக்கு மௌன நாள், அன்று நடை இல்லை. ஒவ்வொருவரும் தினமும் நூற்க வேண்டும், நாட்குறிப்பு எழுத வேண்டும். பண்டித நாராயண் மோரேஷ்வர் கரே பஜனை நடத்தினார். மூட்டைகளுக்கு ஒரு மாட்டுவண்டி. காந்திக்கென்று ஒரு குதிரை கொண்டுவந்திருந்தார்கள். அதில் அவர் ஏறவில்லை. கொப்புளம் வந்து காலூன்ற முடியாதவர்கள் பலர், அவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு வயதானவர் முன்னால் நடந்தார்.

மார்ச் 19 இரவில் மாஹி ஆற்றைக் கடந்ததுதான் பாதையிலேயே கடினமான கட்டம். கடலேற்றம் வந்து போகும் கழிமுகம் அது. வெள்ளம் ஏறும் நேரம் பார்த்து நள்ளிரவுக்கு அருகில் படகில் கடந்து, மறுகரையில் முழங்கால் அளவு சேற்றில் நடந்து கரேலிக்குப் போனார்கள்.

நடையின் போதே சமூக வேலையும் கலந்திருந்தது. டபான் கிராமத்தில் காந்தி ஏற்பாடு செய்திருந்த சத்திரத்தைத் தாண்டி, ஒதுக்கப்பட்டவர்கள் குடியிருப்புக்குப் போய் அவர்கள் கிணற்றில் நீர் இறைத்துக் குளித்தார். வரவேற்க நின்ற மேல்சாதியினருக்குச் சங்கடம். அதைத் தவிர்த்துக் கூட்டத்தைப் பெருக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ஏற்பாடு பிசகிய இடமும் உண்டு. மார்ச் 29, பட்கம். சூரத்திலிருந்து மோட்டார் லாரியில் பால் வந்தது, விலையுயர்ந்த காய்கறி வந்தது. இரவு நடைக்கு வெளிச்சம் தர, கனமான கிட்சன் விளக்கை (அழுத்த மண்ணெண்ணெய் விளக்கு) தலையில் சுமந்தபடி ஒரு கூலியாளை வேகமாகப் போகச் சொல்லி விரட்டினார்கள். காந்தி அன்று மேடையிலேயே வெடித்தார். வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில் 5,000 மடங்கு என்று கணக்குக் காட்டியவன், இந்தியனின் சராசரி வருமானத்தைப் பல மடங்கு தாண்டிச் செலவு செய்தால் அந்தக் கடிதத்துக்கு என்ன அருகதை என்று கேட்டார். தம்மையும் சேர்த்தே கண்டித்தார். இந்தப் பிசகு ஏன் வந்தது என்று பார்த்தால், கிராமங்களைத் தாண்டி நகரத்துப் பணக்கார அனுதாபிகள் நெருங்க நெருங்க உபசாரமும் ஏறியது. நெய்க்குக்கூடத் தோலாக் கணக்கு வைத்த குறிப்பு, சூரத் வாசலில் கைநழுவிற்று. சூரத்தில் கூடியவர்கள் 30,000 பேர் என்பது அந்நாளைய கணக்கு.

பயணம் மெதுவாக நடந்ததே பிரச்சாரம். 24 நாள் நடந்ததால் உலகப் பத்திரிகைகளுக்கு 24 நாளும் செய்தி கிடைத்தது. அரசு கைகட்டி நின்றது. கைது செய்தால் கலவரம், விட்டால் அவமானம். இதற்கிடையே நூற்றுக்கணக்கான கிராம முக்கியஸ்தர்கள், அதாவது வரி வசூலுக்கும் காவலுக்கும் அரசின் கையாக இருந்த பட்டேல்கள், பதவியைத் துறந்தார்கள். நிர்வாகத்தை உள்ளிருந்து ஆட்டியது இந்த ராஜினாமாக்களே. ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அத்தகையோர் சிலர் பின்னர் திரும்பப் பெற்றார்கள். கட்டாயத்தில் வாங்கிய தியாகம் நிற்காது என்று காந்தி வழிநெடுகச் சொன்னதற்கு அது சான்று.

ஏப்ரல் 6க்குப் பிறகு

தண்டியை அடைந்தது ஏப்ரல் 5. மறுநாள் காலை வரை காத்தார்கள், ஏனென்றால் ஏப்ரல் 6, விசாரணையின்றிச் சிறை வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்துக்கு 1919இல் எதிர்ப்புத் தெரிவித்த நாள். அதற்குள் அதிகாரிகள் படிந்திருந்த உப்பைச் சேற்றில் கலக்கி அழித்திருந்தார்கள். காந்தி கடலில் குளித்துவிட்டு, எஞ்சிய உப்புச் சேற்றில் ஒரு பிடியை எடுத்தார். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உப்புக் காய்ச்சலாம் என்றார். அந்தக் கணம் முதல் இயக்கத்துக்கு ஒற்றைத் தலைமையகம் தேவைப்படவில்லை.

உப்புக் காய்ச்சுவதில் நடைமுறைத் தொல்லைகள் இருந்தன. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்பு வகைகள். ஒரு கிலோவுக்கு 30 லிட்டருக்குக் குறையாமல் நீர் வேண்டும், அதை வற்றவைக்கும் விறகு உப்பைவிட விலை கூடும். ஆகவே கழிமுகத்து உவர் மண்ணைப் பானையில் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடித்து, அந்தக் கனத்த நீரைக் காய்ச்சினார்கள். முழுதும் வற்றும்வரை காய்ச்சினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அடியில் கொஞ்சம் நீரை விட்டு இறக்க வேண்டும். பம்பாய் காங்கிரஸ் மாளிகையின் மாடியிலேயே பாத்தி கட்டினார்கள். கிடைத்த உப்பு பலநேரம் வாயில் வைக்க லாயக்கில்லை, ஆனால் விற்றாயிற்று, வாங்கியாயிற்று, கைதாயிற்று.

இதற்கு ஒரு காலக்கெடுவும் இருந்தது. ஜூனில் மழை இறங்கினால் உப்பு கரைந்துவிடும். அந்தக் கெடு வருமுன்னே இயக்கம் வேறு கிளைகளில் தாவியது: மத்திய மாகாணத்திலும் மகாராஷ்டிரத்திலும் வனச் சட்ட மீறல், பீகாரிலும் வங்காளத்திலும் சௌக்கிதாரி வரி (ஊர்க் காவலர் செலவுக்கான வரி) மறுப்பு, குஜராத்தில் நிலவரி மறுப்பு, எங்கும் துணிக்கடை, மதுக்கடை மறியல்.

அடுத்த தலைவர் யார் என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. காந்திக்குப் பின் பரோடா உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி, 76 வயது அப்பாஸ் தியாப்ஜி. அவருக்குப் பின் சரோஜினி நாயுடு. தியாப்ஜி மே 12இல் கைதானார். மே 21 அன்று சுமார் 2,500 தொண்டர்கள் தாராசனா உப்பளத்தை நோக்கி வரிசை வரிசையாக நடந்தார்கள். போலீஸாரின் இரும்புப் பூண் போட்ட தடிகள் தலையில் இறங்கின. கையைத் தூக்கித் தடுத்துக்கொள்ளக்கூட யாரும் முயலவில்லை. விழுந்தவர்களைத் தூக்கிப்போனதும் அடுத்த வரிசை வந்தது. அமெரிக்க நிருபர் வெப் மில்லர் தற்காலிக மருத்துவக் கொட்டகையில் தாமே எண்ணியபோது காயம்பட்டவர் 320 பேர், இறந்தவர் இருவர். அவருடைய செய்தி உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் வந்தது. காந்தி அப்போது எரவாடாவில் 16 நாள் கைதி.

வேதாரண்யம்: அரசு பாடம் கற்றபோது

தண்டியில் அரசு தயங்கியது. தயங்காத ஓர் அதிகாரி எதிரே நின்றால் இந்த முறை தாங்குமா? அதற்கான சோதனை தஞ்சை மாவட்டத்தில் நடந்தது. ராஜாஜி ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு அன்று, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு கிளம்பினார். வேதாரண்யம் 150 மைல். அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க வைத்தவர் அவ்வூர்க்காரரான வேதரத்தினம் பிள்ளை. உப்பளமும் அங்கே, முகாமுக்கு இடமும் அங்கே.

கலெக்டர் தோர்ன் ஐ.சி.எஸ். நடப்பவர்களை விட்டுவிட்டுச் சோறு போடுபவர்களைப் பிடித்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர்களுக்கு ஆறு மாதம் சிறை என்று தண்டோரா போட்டு, துண்டறிக்கை ஒட்டினார். இது கூர்மையான அடி. கிராமத்துச் சாப்பாட்டை நம்பித்தானே இந்த யாத்திரை முறை முழுவதும் நிற்கிறது. கும்பகோணத்தில் வரவேற்று விருந்தளித்த பந்துலு ஐயர் சிறை சென்றார். அதற்குப் பிறகு ஊர் மக்கள் தாங்களே ஒரு வழி கண்டார்கள். சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டியது என்று எந்த மரமும் சாட்சி சொல்லாது. எதிர்ப்பக்கத்தில், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸாருக்குச் சோறும் தண்ணீரும் கிடைப்பது அரிதாயிற்று. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற நாவிதர், முகம் மழிக்க உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார், சிறைக்கும் போனார். இந்த வழிகளில் எதையும் ராஜாஜி உத்தரவிடவில்லை. மக்கள் தங்கள் தொழிலுக்கும் வசதிக்கும் ஏற்றபடி கண்டுபிடித்தவை இவை. தோர்னே தம் அறிக்கையில், அரசின் மீது பற்று என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது இப்போது செத்துவிட்டது என்ற பொருள்பட எழுதினார்.

ஏப்ரல் 28இல் வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி அதிகாலை அகஸ்தியம்பள்ளியில் உப்பள்ளிய ராஜாஜிக்கு ஆறு மாதம். பொறுப்பு கே. சந்தானத்திடம் போனது. மே மாதம் அங்கே ருக்மணி லட்சுமிபதி தண்டிக்கப்பட்டார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற முதல் பெண் என்று அறியப்படுபவர் அவர்.

சறுக்கிய இடங்கள்

பெண்களை யாத்திரையில் சேர்க்காத காந்தியின் முதல் முடிவு தவறு என்றே கருதுகிறோம். பெண்கள் கூட இருந்தால் போலீஸ் அடிக்கத் தயங்கும், அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஆண்கள் ஒளிவது கோழைத்தனம் என்பது அவர் வாதம். கமலாதேவி சட்டோபாத்யாய நேரில் வந்து வாதாடினார். ஏப்ரலுக்குப் பிறகு பெண்கள் அந்த முடிவைத் தங்கள் காலாலேயே திருத்தினார்கள். மறியலின் முதுகெலும்பு அவர்களே.

முஸ்லிம்களின் பங்கு 1920–22 அளவுக்கு வரவில்லை. அன்றைய கிலாபத் இயக்கத் தலைவர்களான அலி சகோதரர்கள் விலகி நின்றார்கள். வடமேற்கு எல்லைப்புற மாகாணம் இதற்கு விதிவிலக்கு: ஏப்ரல் 23 அன்று பட்டாணியத் தலைவர் கான் அப்துல் கபார் கானின் கைதை எதிர்த்துக் கூடியவர்கள் மீது பெஷாவரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, கார்வால் ரைஃபிள்ஸ் சிப்பாய்கள் சுட மறுத்து ராணுவ விசாரணைக்கு ஆளானார்கள்.

வன்முறையும் தலைதூக்கியது. ஏப்ரல் 18இல் சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல். காந்தி கைதான பிறகு சோலாப்பூரில் ஆலைத் தொழிலாளர்களின் எழுச்சி, ராணுவச் சட்டம். 1922இல் சௌரி சௌராவில் 22 போலீஸார் கொல்லப்பட்டதும் இயக்கத்தையே நிறுத்தியவர் காந்தி. இந்த முறை அவர் கிளம்பும் முன்பே, ஒரு சத்தியாக்கிரகி மிஞ்சியிருக்கும் வரை போராட்டம் நிற்காது என்று எழுதிவிட்டார். எங்கோ ஒரு கூட்டம் நிதானம் இழந்தால் நாடு முழுதும் நின்றுவிடும் என்ற பலவீனத்தை அவர் அனுபவத்தில் கண்டு சரிசெய்த இடம் இது.

ஒப்பந்தத்தில் கிடைத்தது

1931 மார்ச் 5இல் காந்தி–இர்வின் ஒப்பந்தம். வன்முறைக் குற்றம் சாட்டப்படாத கைதிகள் விடுதலை, அவசரச் சட்டங்கள் வாபஸ். உப்புச் சட்டம் அப்படியே இருந்தது. உப்பு எடுக்கக்கூடிய இடங்களை ஒட்டிய கிராமத்தார் தங்கள் வீட்டுக்கும் ஊருக்குள் விற்கவும் எடுத்துக்கொள்ளலாம், வெளியூருக்கு விற்கக் கூடாது. போலீஸ் அத்துமீறல் குறித்த விசாரணைக் கோரிக்கையைக் காந்தி கைவிட்டார். மூன்று வாரத்துக்குள், மார்ச் 23இல், பகத் சிங் தூக்கிலிடப்பட்டபோது இளைஞர்களின் கோபம் காந்தியின் மீதும் பாய்ந்தது.

குஜராத் கிராமங்களுக்கு வலித்தது வேறு இரண்டு விதிகள். வரி மறுப்பில் பறிமுதலான நிலம் மூன்றாமவருக்கு விற்கப்பட்டிருந்தால் அந்த விற்பனை செல்லும். ராஜினாமா செய்த பதவியில் வேறு ஆள் நிரந்தரமாக அமர்ந்திருந்தால் பழையவருக்கு இடமில்லை. யாத்திரை தங்கள் ஊரைக் கடந்தபோது பதவியைத் துறந்த பட்டேல்களும், நிலத்தைப் பணயம் வைத்த விவசாயிகளும் வெறுங்கையோடு நின்றார்கள். 1937இல் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் அமைச்சரவை வந்து, மறு ஆண்டு தனிச்சட்டம் போட்டபோதுதான் பறிபோன நிலங்கள் உரியவர்களுக்குத் திரும்ப வழி பிறந்தது.